உப்பு சரியா இருக்கு

ஜனவரி 2, வியாழன்

வடிவு தபாலில் ஒரு நோட்டு அனுப்பியிருக்கிறாள். அப்பா என்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார், எடை எவ்வளவு என்று தினமும் எழுத வேண்டுமாம். டாக்டர் கேட்டால் நான் விழிக்கக் கூடாதாம். மகள் டெக்சாஸில் உட்கார்ந்துகொண்டு ஒஹாயோவில் இருக்கிற அம்மாவுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறாள்.

சரி, எழுதுகிறேன். சங்கரலிங்கம், வயது அறுபத்து மூன்று. தொண்டையில் கட்டி. முப்பத்தைந்து நாள் கதிர்வீச்சு டிசம்பர் பதினேழோடு முடிந்தது. கட்டி போய்விட்டது என்கிறார்கள். கூடவே எச்சிலும் ருசியும் போய்விட்டன. எதை வாயில் போட்டாலும் ஈரக் களிமண் மாதிரி இருக்கிறது என்கிறார்.

இன்று காலை அரை டம்ளர் சத்துமாவுக் கஞ்சி. மதியம் குழைத்த பால்சாதம், நாலு ஸ்பூன். ராத்திரி வேண்டாம் என்றுவிட்டார்.

என் சாப்பாட்டை எழுதச் சொல்லவில்லை. அவர் மிச்சம் வைத்த கஞ்சி.

ஜனவரி 4, சனி

வடிவு வீடியோவில் வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. "அப்பா, அம்மாவப் பாத்தீங்களா? கழுத்தெலும்பு தெரியுது. அவங்க சாப்பிடவே இல்லன்னு நினைக்கேன்" என்றாள். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் போனை ஜன்னல் பக்கம் திருப்பி, பனி எவ்வளவு விழுந்திருக்கிறது பார் என்றேன்.

ஜனவரி 5, ஞாயிறு

காலையில் காப்பி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "மதி, இன்னைக்குக் காப்பில ருசி தெரியுது" என்றார்.

மதியம் ரவைக் கஞ்சி. "உப்பு சரியா இருக்கு" என்றார்.

கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷம். மறுநாள் சாம்பாரில் தொடங்கியது. உப்பு கம்மி, உப்பு கூடுதல், உப்பு ஒரு பக்கமா நிக்கி. உப்பைப் பற்றி நொட்டை சொல்லாமல் இந்த மனுஷர் ஒரு வேளை சாப்பிட்டதில்லை. சில நாள் கரண்டியைத் தூக்கி எறியத் தோன்றும். இன்று நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ருசி வந்துவிட்டது. இந்த நோட்டு வேண்டும் என்று வடிவிடம் கேட்டதே நான்தான் என்பது போல முதலில் இதை எழுதினேன்.

ஜனவரி 6, திங்கள்

எடை 123 பவுண்டு. நோய்க்கு முன்னால் 162.

உணவு ஆலோசனை சொல்லும் பெண் தன்மையாகத்தான் பேசினாள். வாரம் ஒரு பவுண்டாவது ஏற வேண்டும். இறங்கக் கூடாது. 118க்குக் கீழே போனால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடுவார்கள். இவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். இவருடைய அண்ணாச்சிக்குப் பாளையங்கோட்டையில் கடைசி மூன்று மாதம் குழாய்தான். இவர்தான் போய் உடன் இருந்தார்.

"குழாய் மட்டும் வேண்டாம் மதி" என்றார் என்னிடம். அவளிடம் இல்லை.

நிறையப் புரதம் வேண்டும், முன்பெல்லாம் என்ன விரும்பிச் சாப்பிடுவீர்கள் என்று அவள் கேட்டாள். நான் பருப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் சொன்னார், "மார்லினோட மீட்லோஃப்."

மீட்லோஃப் என்றால் அரைத்த கறியை ரொட்டி போலப் பிடித்து, அவன் என்கிற மின்னடுப்பில் வேகவைத்து, துண்டு போடுவது. நாங்கள் சைவம். பெயருக்கு இல்லை, பரம்பரையாக. எங்கள் வீட்டுக்குள் முட்டை வந்ததில்லை. மார்லின், இவர் வேலை பார்த்த கண்ணாடித் தொழிற்சாலையில் பக்கத்து மேஜை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒன்று சமைத்துக் கொண்டுபோவார்கள். நான் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்து அனுப்புவேன். இருபத்திரண்டு வருஷம்.

காரில் வரும்போது, "மாட்டுக்கறியா?" என்று கேட்டேன்.

"சேச்சே. எனக்குன்னு தனியா வான்கோழி போடுவாங்க" என்றார். ஏதோ ஆசாரத்தை விட்டுக்கொடுக்காதவர் மாதிரி.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரும் என்று கொஞ்ச நேரம் எதிர்பார்த்தேன். பிறகு சிக்னல் விழுந்தது, வண்டியை எடுத்தேன்.

ஜனவரி 8, புதன்

மார்லினுக்குப் போன் செய்தேன். அவள் பேசியது ஆங்கிலம். என் நோட்டில் எல்லாரும் தமிழ்தான் பேசுவார்கள். "நானே செஞ்சு கொண்டு வரேன் காந்திமதி" என்றாள். வேண்டாம், எனக்குச் சொல்லித் தா என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் தன் அம்மாவின் கையெழுத்தில் இருந்த அட்டையைப் படம் எடுத்து அனுப்பினாள்.

அரைத்த வான்கோழி இரண்டு பவுண்டு. வெங்காய சூப் பொடி ஒரு பாக்கெட். ரொட்டித் தூள் ஒரு கப். பால் அரை கப். முட்டை இரண்டு. மேலே பூச தக்காளி கெச்சப். 350 டிகிரி ஃபாரன்ஹீட், ஒரு மணி நேரம். பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டவும்.

கெச்சப் புளிப்பு, வாய் எரியும். அதை விட்டுவிட்டேன். சூப் பொடி எதற்கு? பாக்கெட்டில் அடைத்தது எந்தக் காலத்துச் சரக்கோ. வீட்டில் நல்ல வெங்காயம் ஒரு மூட்டை இருக்கிறது. பொடியாக நறுக்கி வதக்கிப் போட்டால் ஆயிற்று. மற்றதெல்லாம் அட்டையில் உள்ளபடியே. எனக்குத் தெரியாத பண்டம். மருந்துச் சீட்டு மாதிரி பார்த்துச் செய்ய வேண்டும், என் கைவேலையைக் காட்டக் கூடாது.

தனியாக ஒரு சின்ன அவன் அடுப்பு, ஒரு தட்டு, ஒரு கத்தி, ஒரு வெப்பமானி வாங்கினேன். கார் நிற்கிற கராஜில் மேஜை போட்டு வைத்தேன்.

ஜனவரி 11, சனி

கராஜில் குளிர்கோட்டு, கம்பளித் தொப்பி, ஆஸ்பத்திரிக் கையுறை. கறி இளஞ்சிவப்பாக, நூல் நூலாக இருந்தது. தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை. மாவு பிசைகிற மாதிரி பிசைந்தேன். வெந்ததும் எடுத்து வெட்டினால் பொலபொலவென்று உதிர்ந்தது. உப்பில்லாத வெண்ணெயில் மாவு வறுத்துப் பால் ஊற்றி ஒரு குழம்பு வைத்து, அதில் நனைத்துக் கொடுத்தேன்.

ஒரு துண்டுக்கு ஐம்பது நிமிடம். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர். "எப்படி?" என்றேன்.

"நல்லா இருக்கு. உப்பு சரியா இருக்கு."

பிறகு தலைக்குக் குளித்துவிட்டு விளக்கேற்றினேன்.

ஜனவரி 13, திங்கள்

121.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். இரண்டு ஸ்பூன் சாப்பிட்டார். இனிப்பு சரியாக இருக்கிறதாம். மாவு தூவாமல் வாசலில் பனியிலேயே குச்சியால் ஒரு கோலம் போட்டேன். மதியத்துக்குள் மூடிவிட்டது.

ஜனவரி 18, சனி

மார்லின் போனில் வைது தீர்த்தாள். நெஞ்சுக் கறி வாங்கியதுதான் தப்பு, அதில் கொழுப்பே கிடையாது, தொடைக்கறி கேட்டு வாங்க வேண்டும். ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கூழாக்கிச் சேர்க்க வேண்டும். காளானைத் துருவிப் போட்டால் ஈரம் நிற்கும். முக்கியமாகப் பிசையவே கூடாது. விரல் நுனியால் புரட்டிவிட்டு நிறுத்திவிட வேண்டும். "நீ அத சப்பாத்தின்னு நினைச்சுட்ட" என்றாள். சரிதான்.

இந்த முறை உதிரவில்லை. ஆனால் நடு பாகம் வேகவில்லை. வெப்பமானி 165 காட்ட வேண்டும், 140தான் காட்டியது. கராஜ் குளிரில் அடுப்புக்கே நடுக்கம். மறுபடி உள்ளே தள்ளிக் காத்திருந்தேன். ஒன்றரைத் துண்டு சாப்பிட்டார்.

ஜனவரி 20, திங்கள்

120.

ஜனவரி 21, செவ்வாய்

வெளியே மைனஸ் பதினெட்டு செல்சியஸ். அந்த அடுப்பைச் சமையலறைக்குள் எடுத்து வந்து மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஜனவரி 25, சனி

நன்றாக வந்தது. எழுதிவைக்கிறேன். தொடைக்கறி இரண்டு பவுண்டு, ஓரம் நீக்கிய ரொட்டி நாலு துண்டு பாலில் ஊறவைத்தது, வெங்காயம் இரண்டு வதக்கியது, துருவிய காளான் ஒரு கை, முட்டை இரண்டு. ஈரக்கையால் பிடித்து, மேலே வெண்ணெய் தடவி, 165 காட்டியதும் எடுத்து, மூடி பத்து நிமிடம். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. துண்டு நின்றது. ஓரத்தில் சாறு கசிந்தது. அல்வா வில்லை மாதிரி.

நான் வாயில் வைக்கவில்லை, வைக்கப் போவதுமில்லை. அதில் எனக்குக் கஷ்டமும் இல்லை. சாமிக்குப் படைக்கிற நாளில் ருசி பார்க்காமல்தானே சமைக்கிறோம். வாசனையும் கண் பக்குவமும் போதும். ருசி சொல்ல இவர் இருக்கிறார்.

இரண்டு துண்டு சாப்பிட்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று, கண்ணை மூடி விழுங்கினார். ரசித்துச் சாப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"மார்லின் செய்ற மாதிரியே இருக்கா?"

"அதவிட மேல. உப்பு சரியா இருக்கு."

ஜனவரி 27, திங்கள்

119.

நம்ப முடியவில்லை. தினம் இரண்டு துண்டு சாப்பிடுகிறாரே என்றேன். புண் ஆறுவதற்கே உடம்பு அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், தொடர்ந்து கொடுங்கள் என்றாள் அந்தப் பெண். இன்னும் ஒரு பவுண்டுதான் பாக்கி.

ஜனவரி 30, வியாழன்

இப்போது வாரத்துக்கு இரண்டு முறை செய்கிறேன். காலை ஒரு துண்டு, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மூன்று வேளையும் சாப்பிடுவதிலேயே இவருக்குப் பகல் போய்விடுகிறது. நடுவில் தூங்குகிறார். நான் காளான் துருவுகிறேன். ரசம் வைத்தேன், சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன்.

பிப்ரவரி 3, திங்கள்

119. இறங்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

119½. அரைப் பவுண்டு. வடிவு போனில் அழுதாள். எனக்கும் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அப்பாவுக்குப் போன் கொடுத்துவிட்டு ரொட்டியின் ஓரம் வெட்டப் போனேன்.

பிப்ரவரி 15, சனி

மார்லின் வந்தாள். எழுபது வயது இருக்கும். பெரிய உடம்பு, சின்னக் குரல். இவரைப் பார்த்ததும் கட்டிப்பிடிக்க வந்து, பிறகு ஒடிந்துவிடுவார் என்பது போலத் தோளை மட்டும் தொட்டாள்.

அப்போதுதான் வெட்டிவைத்த மீட்லோஃப். அவளுக்கும் இரண்டு துண்டு வைத்தேன். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன். துண்டு எப்படி நிற்கிறது பார் என்று தட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஒரு வாய் வைத்தாள். மென்றாள். மெல்லுவது நின்றது. பிறகு விழுங்கினாள். இவர் எதிரே உட்கார்ந்து தன் பங்கைக் கண்ணை மூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அருமையா வந்திருக்கு" என்றாள் அவரைப் பார்த்து. அடுத்த வாய் எடுக்கவில்லை. தண்ணீர் எடுக்கும் சாக்கில் என் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள்.

"காந்திமதி, அந்த சூப் பாக்கெட் போட்டியா?"

"இல்ல. நல்ல வெங்காயமே போட்டேன்."

"ஓ" என்றாள். டம்ளரைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தாள். "அந்தப் பாக்கெட்ல பாதி உப்புதான். அதனாலதான் அம்மா அட்டையில உப்பு தனியா எழுதல."

நான் அட்டையை எடுத்துப் பார்த்தேன். உப்பு இல்லை. கெச்சப்பிலும் உப்பு இருக்கும், அதையும் நான் போடவில்லை. வெண்ணெயிலும் இல்லை. ஐந்து வாரம், எட்டுத் தடவை செய்திருக்கிறேன். எட்டிலும் இல்லை.

"மதி," இவர் கூடத்திலிருந்து கூப்பிட்டார். "மார்லினுக்கு இன்னொரு துண்டு வை."

மார்லின் போய் அதையும் சாப்பிட்டாள். நல்லவள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று அவள் போனபிறகு கேட்டேன், "எப்படி இருந்தது இன்னைக்கு?"

"எப்பவும் போலத்தான். உப்பு சரியா இருக்கு."

இந்த நோட்டின் முதல் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஜனவரி நாலு, வடிவு வீடியோவில் என் கழுத்தெலும்பைச் சொன்னாள். மறுநாளே, ஜனவரி ஐந்து, காப்பியில் ருசி வந்தது.

இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

120.

ஐந்து வாரமாக இந்த மனுஷர் எனக்காக ஈரக் களிமண்ணை மென்று தின்று இந்த ஒரு பவுண்டை ஏற்றியிருக்கிறார்.

அவரிடம் கேட்கலாம். கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும். சொல்லிவிட்டால் அப்புறம் தின்பதற்கு அவருக்கு என்ன காரணம் மிச்சமிருக்கும்? ஒரு வாரம் தின்னாவிட்டால் 118. கேட்கப் போவதில்லை.

பிப்ரவரி 19, புதன்

உப்பு போட்டுச் செய்தேன். இரண்டு பவுண்டுக்கு இரண்டு ஸ்பூன். மார்லினிடம் அளவு கேட்டுக்கொண்டேன்.

"எப்படி?"

"எப்பவும் போலத்தான். உப்பு சரியா இருக்கு."

பிப்ரவரி 22, சனி

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மீட்லோஃபின் ஒரு ஓரத்தில், ஒரே ஒரு வாய் அளவுக்குக் கறியைத் தனியாக எடுத்து, அரை ஸ்பூன் உப்பு கூடுதலாகச் சேர்த்து ஒட்டிவைத்தேன். அந்த ஓரத்தில் ஒரு பல்குச்சி. சனிக்கிழமை மதியம் அவருக்கு முதல் வாய் அந்த ஓரத்திலிருந்து. ஆஸ்பத்திரி நர்சிடம் கேட்டுவிட்டேன். வாய்ப்புண் ஆறிவிட்டது, பிரஷர் மாத்திரையும் நிறுத்தியாயிற்று, வாரம் ஒரு வாய் உப்பு ஒன்றும் செய்யாது என்றாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

இது சோதனைதான். கட்டிய புருஷனைச் சோதிக்கிறேன். அவர் பொய் சொன்னார், நான் பல்குச்சி குத்துகிறேன். இரண்டு பேரும் சமம்.

பல்குச்சியை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். மென்றார். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அப்படிப் பாக்க?"

"உப்பு எப்படி?"

"சரியா இருக்கு."

மார்ச் 1, சனி

சரியா இருக்கு.

மார்ச் 3, திங்கள்

121.

மார்ச் 8, சனி

சரியா இருக்கு.

மார்ச் 15, சனி

சரியா இருக்கு. தட்டைக் கழுவும்போது ஓரத்தில் ஒட்டியிருந்த உப்பு விரலில் தட்டுப்பட்டது. அவ்வளவு போட்டிருக்கிறேன். ருசி ஆறு மாதத்தில் வரலாம், ஒரு வருஷம் ஆகலாம், சிலருக்கு வராமலே போகலாம் என்று மருத்துவமனையில் கொடுத்த தாளில் இருக்கிறது. கடைசி வரியை நான் இன்றுதான் படித்தேன்.

மார்ச் 17, திங்கள்

122. பனி உருகி, வாசலில் போன வருஷத்துப் புல் தெரிகிறது.

மார்ச் 22, சனி

சரியா இருக்கு.

இன்று எனக்குக் கோபம் வந்தது. ஜனவரியில் வரவேண்டியது. இருபத்திரண்டு வருஷம் வெளியில் தின்றுவிட்டு வந்து என் சாம்பாரில் உப்பு பார்த்தவர்தானே இவர். அந்த நாக்கு எங்கே போயிற்று? என்னை நொட்டை சொல்லத்தானே அது இருந்தது? பாத்திரத்தைச் சத்தமாக வைத்தேன். "என்னளா, என்ன ஆச்சு?" என்றார். கை தவறிவிட்டது என்றேன்.

மார்ச் 29, சனி

பல்குச்சி வைக்கவில்லை. போதும் என்று தோன்றியது. எல்லாத் துண்டும் ஒரே மாதிரி.

மார்ச் 31, திங்கள்

123. ஜனவரியில் நோட்டு தொடங்கியபோது இருந்த அதே எண். குழாய்ப் பேச்சு இனி இல்லை என்றாள் அந்தப் பெண். இவர் என் கையைப் பிடித்தார். அவர் கை சூடாக இருந்தது. அதை மட்டும் எழுதத் தோன்றுகிறது.

ஏப்ரல் 5, சனி

காலையில் கறி பிசறும்போது பல்குச்சி டப்பா கண்ணில் பட்டது. கடைசியாக ஒரு தடவை என்று ஓரத்தில் உப்பைச் சேர்த்துக் குத்திவைத்தேன். வெந்தது, ஆறியது, வெட்டினேன். குச்சியை எடுத்துவிட்டு முதல் துண்டை வைத்தேன். அதற்குள் வடிவு போனில் வந்துவிட்டாள். மருமகனுக்கு வேலை மாற்றம், அது இது என்று பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் நின்றேன். அவர் முகத்தைப் பார்க்க மறந்துவிட்டேன்.

தட்டில் ஸ்பூன் விழுகிற சத்தம் கேட்டது.

"ஏளா" என்றார். "என்னத்தப் போட்ட இதுல?"

திரும்பினேன். வாயிலிருந்ததைக் காகிதத்தில் துப்பிக்கொண்டிருந்தார். முகம் சுருங்கியிருந்தது, கண்ணில் தண்ணீர்.

"உப்பாக் கரிக்குது. மனுஷன் வாயில வைக்க முடியல. முப்பத்து மூணு வருஷமாச் சமைக்க, இன்னும் உனக்கு உப்பு போடத் தெரியல."

சொல்லிவிட்டு அப்படியே நிறுத்தினார். அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். விரலால் தட்டைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னாச்சும்மா? அப்பா ஏன் சத்தம் போடுதாங்க?" என்றாள் வடிவு.

"உப்பு கூடிப்போச்சாம்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. போனை அவர் கையில் கொடுத்துவிட்டு கராஜுக்குப் போய், ஜனவரியில் நான் போட்ட மேஜை மேல் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். குழாய் என்று சொன்ன அன்றைக்கு அழ வேண்டியதையும் சேர்த்து அழுதேன்.

திரும்பி வந்தபோது அவர் நடுத்துண்டு ஒன்றைத் தானே வெட்டி வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இதுல கம்மி" என்றார், தலையைத் தூக்காமல்.

எனக்குப் பசித்தது. சோறு போட்டு, நேற்று வைத்த ரசத்தை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். ரசத்தில் உப்பே இல்லை. நேற்று மட்டும்தானா, எத்தனை நாளாகவா, தெரியவில்லை. எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்துவந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன்.